பன்னிரண்டு தட்டும் ஒரு தாய்மாமனும்

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரைப் புத்தாண்டு. கோயிலில் அர்ச்சனை வரிசை வாசல் வரை நீண்டிருந்தது. என் முறை வந்ததும் குருக்கள் பெயர் கேட்டார். "கோமளவல்லி, திருவோணம்" என்றேன். அவர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பின்னால் வழுக்கைத் தலையோடு ஒரு பெரியவர்தான் நின்றிருந்தார். அவர் கோமளவல்லியாக இருக்க வாய்ப்பில்லை என்று முடிவு செய்து, குருக்கள் மறுபடி என்னைப் பார்த்தார். ஊருக்குப் புதியவர், பாவம். பழைய குருக்களுக்கு என்னைத் தெரியும்.

அவர் மேல் குற்றமில்லை. அப்பா பெயர் வீரபத்திரன், அம்மா பெயர் சியூ லான். நான் அம்மாவை அப்படியே உரித்து வைத்திருக்கிறேன். முகம்தான் சீனமாகப் போய்விட்டது, பெயராவது தமிழாக இருக்கட்டும் என்று அப்பா இருப்பதிலேயே நீளமான பெயராகப் பார்த்து வைத்துவிட்டார்.

பிரசாதம் வாங்கும் இடத்தில் ஓர் அக்கா, "அமோய், போட்டோ எடுக்கணுமா? நான் எடுத்துத் தரேன்" என்று அன்பாகக் கேட்டார். சீனப் பெண்களை இந்தத் தைப்பிங் ஊரில் எல்லோரும் அமோய் என்றுதான் கூப்பிடுவார்கள். சுற்றுலா வந்தவள் என்று நினைத்திருப்பார். பொங்கல் நன்றாக இருந்தது. முந்திரி நிறையப் போட்டிருந்தார்கள்.

வரும் வழியில் பொட்டு வாங்கினேன். எப்போதும் வைக்கும் மிளகளவு வேண்டாம் என்று அடுத்த அளவு எடுத்தேன். சும்மாதான். வைகாசியில் கல்யாணம், மணப்பெண் கொஞ்சம் பெரிய பொட்டு வைத்தால் என்ன?

ஏப்ரல் 20, சனி

கடையில் நல்ல கூட்டம். கண் பரிசோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுப்பது என் வேலை. பக்கத்து ஊர் கமுண்டிங்கிலிருந்து ஓர் அம்மா மகளோடு வந்திருந்தார். நான் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருக்க, அவர் மகளிடம் தமிழில் பேசிக்கொண்டே இருந்தார்.

"இந்தச் சீனச்சி கை ஐஸு மாதிரி இருக்குடி. ஆனா மூஞ்சி லச்சணமாத்தான் இருக்கு. நம்ம சரவணனுக்கு இப்படி ஒன்னு வந்தா ஒத்துக்குவியா?"

எல்லாம் முடிந்த பிறகு, "கடைசி வரி தெரியுதாங்கம்மா? கை ஜில்லுன்னு இருக்கறதுக்கு ஏர்கான்தான் காரணம். சரவணன் லேட்டுங்க, எனக்கு அடுத்த மாசம் கல்யாணம்" என்றேன். மகள் நாற்காலியோடு குனிந்துகொண்டாள். அந்த அம்மா அசரவே இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு வழக்கமான விசாரணையைத் தொடங்கிவிட்டார். அப்பா தமிழா, அம்மா சீனமா, "அப்போ நீ என்னாம்மா?"

சிரித்த முகமாகக் கேட்டால் "தைப்பிங்" என்பேன். சிடுசிடுவென்று கேட்டால் "கண் பாக்கறவ" என்பேன். சீனர்களும் சும்மா விடுவதில்லை. அம்மாவின் சீன மொழியான ஹொக்கியனில் பேசினால் மீ நூடுல்ஸ் கடைக்காரர், "ஹொக்கியன் நல்லா பேசுறியே, எங்க கத்துக்கிட்ட?" என்று வாராவாரம் கேட்கிறார். பழகிவிட்டது. எனக்கு ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 28, ஞாயிறு

தயாளன் வீட்டிலிருந்து வந்திருந்தார்கள். கட்டிக்கொள்ளப் போகிறவரின் பெயரைத் தனியாக எழுதிப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அவருடைய அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டார். வளர்த்தவர் பாக்கியம் பெரியம்மா. அவர்கள் ஊரான பாகான் செராயில் அவர் சொல்லை மீறி ஒரு கோழிகூட ரோட்டைக் கடக்காது என்று தயாளன் சொல்வார்.

மண்டபம், சாப்பாடு, மேளம் எல்லாம் பேசி முடித்த பிறகு பெரியம்மா தொண்டையைச் செருமினார்.

"சம்பந்தி, ஒன்னு கேட்டா தப்பா எடுத்துக்காதீங்க. தாய்மாமன் சீர் தட்டோட வரணும், பொண்ணுக்கு மால போடணும், மணவறைக்கு கூட்டிட்டு வரணும். அதான் மொற. ஆனா பொண்ணுக்கு அம்மா பக்கம்…" என்று அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "அவங்களுக்கு இதெல்லாம் தெரியாதுல்ல. எங்க கனகசபை அண்ணன் இருக்காரு, கோயில் தலைவரு. மீசையும் ஆளும் பாக்கறதுக்கே தாய்மாமன் மாதிரி இருப்பாரு. பேருக்கு அவரு நிக்கட்டுமே. ஏற்கனவே சனம் பொண்ணு தமிழா, தமிழான்னு கேக்குது. மணவறையிலயும் ஒரு சீன ஆளு வந்து நின்னா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க."

அம்மா கோப்பியில் சீனியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். சீனி எப்போதோ கரைந்திருக்கும். அப்பா தலைக்கு மேல் சுழன்ற காற்றாடியைப் பார்த்தார். தயாளன் வெளியே பக்கத்து வீட்டு கேட்டை மறைத்து நின்ற காரை நகர்த்திக்கொண்டிருந்தார். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"சரிங்க பெரியம்மா" என்றேன்.

நல்லதுதான். வீண் பேச்சு மிச்சம். யார் போட்டாலும் மாலை மாலைதான். அவர்கள் போன பிறகு அம்மா கழுவிய கோப்பைகளையே மறுபடி கழுவினார். என் மாமா ஆ கூவிடம் யார் சொல்வது என்று அப்பா கேட்டார். நான் சொல்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 29, திங்கள்

தூக்கம் சரியில்லை. கோப்பி அதிகமாகிவிட்டது. குடித்தது அம்மாதான், இருந்தாலும்.

மே 1, புதன்

விடுமுறை. ஆ கூவிடம் சொல்லிவிடலாம் என்று போனேன். அம்மாவின் ஒரே தம்பி. ஹொக்கியனில் தாய்மாமனை ஆ கூ என்போம். மார்க்கெட்டுக்குப் பின்னால் தகரக் கடை வைத்திருக்கிறார். கூரை ஓரத்தில் மழைத்தண்ணீர் ஓடுவதற்குத் தகரத்தை வளைத்து அடித்துக் கொடுப்பார். தைப்பிங்கில் மழைக்கு ஓய்வில்லை, அதனால் ஆ கூவுக்கும் ஓய்வில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. கேட்டால் மழை விடட்டும் என்பார்.

நாங்கள் பேசுவது ஹொக்கியனில். இங்கே தமிழாக்கி எழுதிக்கொள்கிறேன்.

"ஆ வல்லி, நல்ல நேரத்துல வந்த. இத பாரு" என்று உள்ளே ஓடினார். கோமளவல்லியை இப்படிச் சுருக்கியது அவர்தான். திரும்பி வந்தபோது கால்சட்டைக்கு மேல் வேட்டி கட்டியிருந்தார். இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் வகை. தகரங்களுக்கு நடுவே இப்படியும் அப்படியும் நடந்து காட்டினார்.

"நடந்தா விழுமா?"

"விழாது ஆ கூ."

"குனிஞ்சா?"

குனிந்து பார்த்தார். விழவில்லை. அவருக்கு ஒரே சந்தோஷம். சொல்வதற்குச் சரியான நேரம் வரவில்லை. அவர் வாங்கிக் கொடுத்த கொய் தியாவ் நூடுல்ஸ் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தேன். சொல்லியாச்சா என்று அப்பா கேட்டார். கொய் தியாவ் ஆறிவிடும், முதலில் சாப்பிடுங்கள் என்றேன்.

மே 5, ஞாயிறு

மறுபடி போனேன். ஆ கூ ஏணிக்கு மாலை போட்டுப் பழகிக்கொண்டிருந்தார். அந்த ஏணி என் உயரமாம். மாலை என் தலைப்பூவில் சிக்காமல் எப்படிப் போடுவது என்று அப்பாவிடம் ஃபோனில் இரண்டு முறை கேட்டாராம். அப்பாவும் விளக்கமாகச் சொன்னாராம். அப்பாவுக்கும் சொல்ல வாய் வரவில்லை என்று தெரிகிறது.

ஆவியில் வெந்த பாவ் ரொட்டி ஆறு கிடைத்தது. கறி வைத்தது மூன்று, பயறு வைத்தது மூன்று.

மே 9, வியாழன்

புதுப் பொட்டு. இது ஐந்து காசு அளவு. அம்மா கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, "நெத்திக்குப் பொட்டா, பொட்டுக்கு நெத்தியா?" என்று கேட்டார். முப்பது வருடமாக அப்பாவோடு குடித்தனம் செய்த தமிழ் அது. பதில் சொல்ல முடியாது.

மே 15, புதன்

தயாளன் கூப்பிட்டார். ஆ கூவுக்கு மோதிரம் எடுக்க வேண்டும், விரல் அளவு என்ன என்று கேட்டார். எதற்கு என்றேன். தாய்மாமனுக்கு மாப்பிள்ளை வீட்டில் மோதிரம் போடுவது வழக்கம்தானே என்றார். அப்போதுதான் அவருக்கு விஷயமே தெரியாது என்று புரிந்தது. சொன்னேன்.

அவர் குரல் ஏறியது.

"நான் காடிய நகத்தப் போன நேரத்துல இவ்ளோ நடந்துச்சா? பெரியம்மாகிட்ட நான் பேசறேன்லா."

"வேணாம். நான்தான சரின்னு சொன்னேன்."

"ஏன் சொன்ன?"

லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

மே 18, சனி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

பதினோரு மணிக்குப் பாக்கியம் பெரியம்மா கடைக்கு வந்தார். கல்யாணத்தில் ஒன்றையும் தவறவிடக் கூடாது, புதுக் கண்ணாடி வேண்டும் என்றார். நாற்காலியில் உட்காரவைத்து, இடது கண்ணை மூடிவிட்டுப் பலகையைப் படிக்கச் சொன்னேன். அந்த நேரம் பார்த்து ஆ கூ உள்ளே வந்தார். கையில் அளவு நாடா, காதில் பென்சில்.

"ஆ வல்லி, தட்டு பன்னெண்டும் ரெடி. மண்டபத்து வாசல் எவ்ளோ அகலம்?"

ஒரு கண்ணோடு திரும்பிய பெரியம்மா, யார் என்று கேட்டார். மாமா என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

"நல்லதாப் போச்சு. நேர்லயே சொல்லிரு. கனகசபை அண்ணன்தான் மாமனா நிப்பாரு, அவரு சும்மா வந்து சாப்ட்டுட்டுப் போகட்டும். கோவிச்சுக்க வேணாம்னு சொல்லு."

ஆ கூ என்னைப் பார்த்தார். நான் ஹொக்கியனில், "நீங்க சாப்ட்டாச்சான்னு கேக்கறாங்க" என்றேன்.

ஆ கூ அளவு நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டார். பிறகு பெரியம்மாவைப் பார்த்துத் தமிழில், அப்பாவிடமிருந்து கற்ற துண்டுத் தமிழில் சொன்னார்.

"சாப்ட்டாச்சு. ஆனா நீங்க அது கேக்கல."

அத்தனை வருடம் அப்பாவோடு கோப்பி குடித்தவருக்கு இவ்வளவு தமிழ் புரியும் என்பதை நான் எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"உனக்கு எப்போ தெரியும்?" என்று ஹொக்கியனில் கேட்டார்.

"மூணு வாரமா."

"ஏணிக்கு மாலை போட்டேனே, அப்பவும் தெரியுமா?"

தலையை ஆட்டினேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இப்போ நான் சொல்றத அவங்களுக்குச் சொல்லு. இந்தத் தடவ ஒழுங்கா சொல்லு. எங்க வீட்டு விருந்துல பெரிய நாற்காலி யாருக்கு? அம்மாவோட தம்பிக்கு. அவன் உக்காராம ஒருத்தரும் சாப்பாட்டுல கை வைக்கக் கூடாது. மேல வானத்துக்கு சாமி, கீழ பூமிக்கு தாய்மாமன். எங்க ஆளுங்க பேச்சு இது. எனக்கு மொற தெரியாதுன்னு நெனச்சாங்கல்ல? மொற தெரிஞ்சுதான் வேட்டி வாங்கினேன்."

வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. முடிந்த பிறகும் நிறுத்த முடியவில்லை.

"பெரியம்மா, இது நானா சொல்றது. அன்னிக்கு நான் சரின்னு சொன்னது தப்பு. எல்லாரும் நீ தமிழா தமிழான்னு கேக்கறாங்களே, மணவறையிலயாவது யாரும் கேக்காம இருக்கட்டும்னு பயந்துட்டேன். எனக்கு ஒன்னும் இல்ல, ஒன்னும் இல்லன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். வலிக்குது பெரியம்மா. என் தாய்மாமன் இவருதான். இவரு மால போட்டாத்தான் நான் மணவறை ஏறுவேன்."

"சனம் கேட்டா என்னா சொல்றது?"

"இங்க அனுப்புங்க. கண்ணு பாத்து அனுப்பறேன். காசு வேணாம்."

பெரியம்மா சிரிக்கவில்லை. இடது கண்ணை மூடியபடியே ஆ கூவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வீட்டுல பேசிட்டு சொல்றேன்" என்று எழுந்தார். போகும்போது வாசலில் நின்று, "தட்டு எத்தனன்னு சொன்னாரு?" என்றார்.

"பன்னெண்டு."

"சீரு ஒத்தப்படையில வரணும்னுகூட தெரியல. இவருக்கு மொற தெரியுமாம்" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனார்.

ஆ கூவிடம் மன்னிப்புக் கேட்டேன். "கொய் தியாவும் பாவும் திருப்பிக் குடு" என்றார்.

மே 20, திங்கள்

பெரியம்மா அப்பாவைக் கூப்பிட்டாராம். "பதினொன்னு, இல்லாட்டி பதிமூணு. அப்படின்னா அவரு வரட்டும்." அவ்வளவுதான் பேச்சு.

துள்ளிக் குதித்து ஆ கூவிடம் ஓடினேன். அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். "ஒத்தப்படையில குடுக்கறது சாவு வீட்டுக்கு. என் அக்கா மக கல்யாணத்துக்கு நான் சோடி சோடியாத்தான் கொண்டுவருவேன். பன்னெண்டு, இல்லாட்டி பதினாலு."

பெரியம்மாவும் ஆ கூவும் ஒரே வீட்டில் பிறந்திருக்க வேண்டியவர்கள்.

மே 22, புதன்

அப்பா சமாதானம் பேசிப் பார்த்தார். இரண்டு பக்கமும் அசையவில்லை. அதற்கு மேல் அவருக்கு ஒரு தனிக் கவலை. ஆ கூ ஒரு தட்டில் முழுப் பன்றி வறுவல் கொண்டுவந்துவிட்டால்? கேட்டதற்கு ஆ கூ, "கோயில் மண்டபம்னு எனக்குத் தெரியாதா மச்சான்?" என்று கோபித்துக்கொண்டு அப்பாவோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

மே 25, சனி

மருதாணி. எழுத முடியவில்லை. இடது கையால் இது.

மே 27, திங்கள்

நேற்று எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. முதலில் இதை எழுதிவிடுகிறேன்.

காலையிலேயே மழை. மண்டபத்து வாசலில் பாக்கியம் பெரியம்மா புதுக் கண்ணாடியோடு காவல் நின்றார். என்னை உள்ளே சன்னலோர அறையில் உட்காரவைத்திருந்தார்கள். அங்கிருந்து எல்லாம் தெரிந்தது. ஆ கூவின் தகர லாரி வந்து நின்றது. அதிலிருந்து ஒட்டும் வேட்டியில் ஆ கூ இறங்கினார், கையில் சிவப்புக் குடை. அவர்கள் வழக்கத்தில் மணப்பெண்ணுக்குச் சிவப்புக் குடைதான் பிடிப்பார்கள். பின்னால் தட்டுகள் வரிசையாக வந்தன. ஆரஞ்சு, தேங்காய், வெற்றிலை பாக்கு, பட்டுப்புடவை, பேரீச்சை. பெரியம்மா விரல்விட்டு எண்ணினார்.

"பன்னெண்டு. நான் சொன்னது என்னா?"

"பன்னெண்டு" என்றார் ஆ கூவும், அதே உறுதியோடு.

மேளக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். அப்பா நெற்றியைத் துடைத்தார். பெரியம்மா கடைசித் தட்டின் சிவப்புத் தாளைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே வரிசை வரிசையாகச் சிவப்பு ஆமைகள். மாவில் செய்து, அச்சில் அழுத்தி, வாழையிலைத் துண்டில் வைத்து வேகவைத்த பலகாரம். அம்மா வீட்டில் நல்ல காரியம் எதற்கும் அது இருக்கும். ஆமைக்கு ஆயுசு கெட்டி, அதுபோல நாமும் இருக்கவேண்டும் என்பது அவர்கள் கணக்கு. சின்ன வயதிலிருந்து தின்கிறேன், ஒரு முறைகூட எனக்குத் தோன்றியதில்லை. நேற்று பெரியம்மா போட்ட சத்தத்தில்தான் தோன்றியது.

"ஐயோ, ஆமை. ஆமை புகுந்த வீடு வெளங்குமா? கல்யாண மண்டபத்துக்குள்ள ஆமையா?"

அப்பா ஓடிப்போய் ஆ கூவின் காதில் விளக்கினார். ஆ கூவின் முகம் வெளிறிவிட்டது. மூன்று வாரம் ஏணியோடு பழகியவர், இதை யாரிடமும் கேட்கவில்லை. தட்டைத் திருப்பி லாரியில் வைக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். அப்போது பெரியம்மாவே அவர் கையைத் தடுத்தார். உதடு அசைய மறுபடி எண்ணினார். முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது.

"அது வாசலோட நிக்கட்டும். உள்ள வரவேணாம். வாசல் வரைக்கும் அவரு கணக்கு பன்னெண்டு. வாசலுக்கு உள்ள எங்க கணக்கு பதினொன்னு. சரியா?"

அப்பா மொழிபெயர்த்தார். ஆ கூ யோசித்தார். "கொண்டுவந்தது பன்னெண்டுதான?" என்று உறுதிப்படுத்திக்கொண்டார். பிறகு தலையாட்டினார். மேளம் மறுபடி தொடங்கியது.

கனகசபை அண்ணன் நல்ல மனிதர். தனக்கென்று எடுத்து வைத்திருந்த தலைப்பாகைத் துணியை அவரே ஆ கூவுக்குக் கட்டிவிட்டார். "மீச மட்டும்தான் குடுக்க முடியல" என்றாராம்.

ஆ கூ என் முன்னால் வந்து நின்றார். மாலையை உயர்த்தினார். பூவில் சிக்கவே இல்லை. போட்டுவிட்டு ஒரு முறை இழுத்துச் சரிபார்த்தார். நான் அழுது கண்மையைக் கெடுத்துக்கொண்டேன். சிவப்புக் குடையை என் தலைக்கு மேல் பிடித்து, மழை இல்லாத மண்டபத்துக்குள்ளே மணவறை வரை கூட்டிப் போனார். தயாளன் கைகூப்பி எழுந்து, அவர் விரலில் மோதிரம் போட்டார். விரல் அளவு சரியாக இருந்தது. எப்படிக் கண்டுபிடித்தார் என்று இன்னும் சொல்லவில்லை.

சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். இலையில் சோறு விழுந்துவிட்டது. நல்ல பசி நேரம். பெரியம்மா பந்தி நடுவில் வந்து நின்றார்.

"யாரும் எலையில கை வைக்காதீங்க. தாய்மாமன் இன்னும் உக்காரல."

ஆ கூ வாசலில் நின்று மேளக்காரர்களுக்கு ஆமைப் பலகாரம் பங்கிட்டுக்கொண்டிருந்தார். அவரைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து, பந்தியின் முதல் இடத்தில் பெரிய இலை போட்டு உட்காரவைத்தார் பெரியம்மா. அதுவரை அந்த மண்டபம் முழுக்க, இரண்டு பக்கத்துச் சனமும், சோற்றைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது. ஆ கூ சுற்றிப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். ஆ கூ முதல் கவளம் எடுத்தார்.

அப்போது தயாளனின் தூரத்துச் சித்தி ஒருவர் பெரியம்மாவின் காதருகே குனிந்தார். நான் பின்னால்தான் நின்றேன், அவர் பார்க்கவில்லை.

"ஏன்க்கா, பொண்ணு தமிழா சீனமா? யாரு பொண்ணு?"

பெரியம்மா புதுக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"பெரிய எலையில உக்காந்திருக்காரே, தெரியல? அவரு அக்கா மக."

அவ்வளவுதான் சொன்னார். சித்தி எட்டிப் பார்த்து, "அப்படியா" என்று அப்பளம் கேட்கப் போய்விட்டார்.

பிறகு பெரியம்மா வாசலுக்குப் போய், வாசல்படிக்கு அந்தப் பக்கமே நின்று, ஓர் ஆமையை வாயில் போட்டதை நான் பார்த்தேன். "உள்ள பாசிப்பருப்பு. நம்ம மோதகம்தான் இது" என்று மேளக்காரரிடம் குறை சொல்லிக்கொண்டே இரண்டாவதையும் எடுத்தார்.

ஜூன் 2, ஞாயிறு

தயாளனோடு கோயிலுக்குப் போனேன். தூறல். சிவப்புக் குடையை ஆ கூ திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. இந்த ஊரில் தினமும் பயன்படும் என்று கொடுத்துவிட்டார்.

கிளம்பும்போது பொட்டு டப்பாவைத் திறந்தேன். ஐந்து காசு அளவை ஓரமாக வைத்துவிட்டு மிளகளவு எடுத்து வைத்துக்கொண்டேன்.

அர்ச்சனை வரிசையில் என் முறை வந்தது. அதே குருக்கள். கல்யாணத்தை நடத்தி வைத்தவரும் அவர்தான். பெயர் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் கையமர்த்திவிட்டு, "கோமளவல்லி, திருவோணம்" என்று தானே சொல்லித் தட்டை வாங்கினார். உள்ளே போகத் திரும்பியவர் நின்றார்.

"மாமா சௌக்கியமா?"